கல்பாதையும் கம்பெனி ஷாக் அப்சார்பரும்: கொழுக்குமலை ஜீப்புகளை முன்வைத்து ஒரு விளக்கம்

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில்; ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லிக்குச் சென்று, அங்கிருந்துதான் ஏற வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான் என்றாலும், உருண்டைக் கல்லும் பாறை விளிம்பும் மழை அரித்த பள்ளமுமாகக் கிடக்கும் அந்தப் பாதையை ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். விடியலைக் காட்டுவதற்காகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பும் ஜீப்புகள் அங்கே தினமும் ஏறி இறங்குகின்றன. போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளோ, தார்ச் சாலையிலும் தோட்டத்து மண்பாதையிலும் மாறி மாறி ஓடுகின்றன. எஞ்சினுக்கும் டயருக்கும் தாராளமாகச் செலவழிக்கும் இந்த வண்டிக்காரர்கள், ஷாக் அப்சார்பரை அது எண்ணெய் ஒழுகத் தொடங்கிய பிறகுதான் நினைக்கிறார்கள்.

அப்படி நினைக்கும்போது பட்டறைகளில் கிடைக்கும் யோசனைகள் இரண்டுதான். கம்பெனி போட்டுக் கொடுத்ததைக் கழற்றி எறிந்துவிட்டு விலை உயர்ந்த வெளிநாட்டுச் செட் ஒன்றை மாட்டச் சொல்வார்கள்; அதற்கு வசதியில்லை என்றால், இருப்பதையே பிரித்துக் கெட்டியான எண்ணெய் ஊற்றி ‘டைட்’ செய்து தருவதாகச் சொல்வார்கள். வண்டி எந்த இடத்தில், எந்தச் சுமையில், எந்தப் பக்கமாகத் தோற்கிறது என்பதை இரண்டு யோசனைகளும் விசாரிப்பதில்லை. பிரித்துப் பூட்டத் தகுந்த கம்பெனி ஷாக் அப்சார்பரை முதலில் அதன் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டு, பிறகு அமுங்கும் பக்கத்தையும் (சக்கரம் மேலே ஏறும்போது வரும் எதிர்ப்பு) மீளும் பக்கத்தையும் (அது கீழே திரும்பும்போது வரும் எதிர்ப்பு) தனித்தனியாகத் திருத்துவதுதான் இந்த மலைப்பாதைக்குப் பொருந்தும் முறை என்பது என் எண்ணம். அதிலும், யாரும் சந்தேகப்படாத மீளும் பக்கத்தில்தான் பெரும்பாலான தொல்லை இருக்கிறது.

ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது அமுங்கி ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது அதைத் திருப்பித் தருகிறது. அந்த ஆற்றலைச் செலவழிக்க ஏதும் இல்லாவிட்டால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பரின் வேலை இந்தச் செலவு மட்டுமே: பிஸ்டனில் உள்ள சிறு துளைகளின் ஊடே எண்ணெயைப் பிதுக்கி, அசைவை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைக் குழாயின் சுவர் வழியே காற்றில் விட்டுவிடுகிறது. ஆகவே அதன் எதிர்ப்பு சக்கரம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் ஜீப் நிமிர்ந்துவிடும் என்று நம்பிப் புது ஷாக் அப்சார்பர் வாங்குபவர்கள் ஏமாறுவது இதனால்தான். அங்கே தளர்ந்திருப்பது கமான் பட்டை, அதாவது எடையைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்.

இங்கே வேகம் என்பது பிஸ்டனின் வேகம். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போதும், பிரேக் பிடித்து மூக்கு தாழும்போதும் பிஸ்டன் வினாடிக்குச் சுமார் 10 செ.மீ. அளவுக்குள் மெதுவாக நகர்கிறது. கூரான கல் விளிம்பில் சக்கரம் மோதும்போது அதே பிஸ்டன் வினாடிக்கு ஒரு மீட்டரை எட்டக்கூடும். வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருந்தாலும் இது நடக்கும். நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் இருக்க மெதுவேகத்தில் எதிர்ப்பு வேண்டும். கல்லில் பயணியின் இடுப்பு பிழைக்க வேண்டுமானால் மிகுவேகத்தில் எதிர்ப்பு ஓரளவுக்கு மேல் ஏறக்கூடாது. தொழிற்சாலை அமைத்துத் தருவது இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம், அதுவும் பெரும்பாலும் தார்ச் சாலையை மனத்தில் கொண்ட சமரசம்.

நம் ஜீப்புகளில் அதிகம் காணப்படுவது இரட்டைக் குழாய் வகை. உள் குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக் குழாய் மிச்ச எண்ணெய்க்கான கிடங்கு. பிஸ்டனைத் தாங்கும் தண்டான ராடு உள்ளே வரும்போது அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு எண்ணெய் வெளியேறித்தான் ஆக வேண்டும். 14 மி.மீ. ராடு 20 செ.மீ. உள்ளே போனால் ஏறத்தாழ 31 சி.சி. எண்ணெய் அடிப்பகுதியில் உள்ள வால்வு வழியே வெளிக் குழாய்க்குப் போகிறது. அமுங்கும்போது வரும் எதிர்ப்பில் பெரும்பங்கு இந்த அடி வால்வுடையது. மீளும்போது வரும் எதிர்ப்பு பிஸ்டன் வால்வுடையது. இந்த வேறுபாட்டை அறியாமல் பிஸ்டனை மட்டும் கழற்றி மாற்றிவிட்டு, வண்டி அமுங்குவதில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று வியப்பதில் அர்த்தமில்லை.

ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் ஒரே குழாயில், இடையில் மிதக்கும் ஒரு பிஸ்டனால் பிரிக்கப்பட்டு இருக்கும். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டியன் பூர்சியே த கார்பன் வகுத்த இந்த அமைப்பை, 1957-இல் ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் மெர்சிடிஸ் கார்களுக்காகத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் எப்போதும் வாயுவின் அழுத்தத்தில் இருப்பதால் எளிதில் நுரைக்காது. வெளிக் குழாய் இல்லாததால் வெப்பம் நேராகக் காற்றுக்குப் போகிறது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஃபோர்டு ராப்டர் பிக்அப் வண்டியில் தொழிற்சாலையிலேயே ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரிய ஒற்றைக் குழாய் ஷாக் அப்சார்பர்கள் பொருத்தப்பட்டன. அவை பிரித்துப் பூட்டும்படி செய்யப்பட்டவை. பூட்டு வளையத்தைக் கழற்றினால் மூடி வந்துவிடும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும். கம்பெனி ஷாக் அப்சார்பரைப் புதுப்பித்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அங்கே பரவியதற்கு இப்படிப்பட்ட பாகங்கள் தொழிற்சாலையிலிருந்தே வந்ததும் ஒரு காரணம். நம் ஊர் ஜீப்புகளில் வருவது பெரும்பாலும் மேல்விளிம்பை மடக்கி மூடிய இரட்டைக் குழாய். அதைத் திறக்க லேத்தில் அறுக்க வேண்டும், திரும்ப மூட மரை வெட்டிய மூடி செய்ய வேண்டும். மஹிந்திராவின் பழைய ஜீப்புகளான மேஜரும் எம்.எம். 540-உம் வைத்திருப்பவர்கள் போடியிலும் தேனியிலும் உள்ள லேத் பட்டறைகளில் செய்துகொள்வது இதைத்தான்.

கழற்றி மேசைமேல் வைத்த ஒரு கல்பாதை ஷாக் அப்சார்பரைப் பார்த்தால் அதன் கதை தெரிந்துவிடும். முதலில் ராடு. குரோம் பூச்சில் ஊசிமுனை அளவுள்ள துருப் புள்ளிகள், கீழ்ப்பாதியில் மட்டும், ஒரு வரிசையாக இருக்கும். ராடைக் காப்பாற்ற வைத்த ரப்பர் உறை மழைக்காலத்துச் சேற்றைத் தன்னுள்ளே பிடித்து வைத்துக்கொண்டு ராடோடு ஒட்டி உலரவிட்டிருக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ஆயில் சீலின் உதட்டை அரம்போல ராவியிருக்கும். எண்ணெயைத் தட்டில் ஊற்றினால் தேன் நிறத்துக்குப் பதிலாகச் சாம்பல் கலந்த கருப்பு. காய்ந்த எண்ணெயின் காரல் வாடை. விரலில் தேய்த்தால் உலோகத் தூளின் மினுக்கம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் பட்டியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால், ஷாக் அப்சார்பர் சாய்வாக இழுபட்டிருக்கிறது என்று பொருள். முனைகளில் உள்ள ரப்பர் புஷ் கெட்டியாகிப்போனதோ, அதை வண்டியோடு பிணைக்கும் தாங்கி வளைந்ததோ காரணமாக இருக்கும். பட்டி தேய்ந்த பிஸ்டனின் ஓரமாகவே எண்ணெய் நழுவிவிடும். வால்வு எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை. இந்த நிலையில் உள்ளதைக் காட்டித்தான் ‘கம்பெனி ஷாக் அப்சார்பரே சொத்தை’ என்று சொல்லிவிடுகிறார்கள். சீல், பட்டி, எண்ணெய், புஷ் ஆகிய நான்கையும் மாற்றியதுமே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடுவது வழக்கம். அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டுச் சில நாள் வண்டியை ஓட்டிப் பார்க்காதவர், அடுத்து எதைத் திருத்தினாலும் இருட்டில்தான் திருத்துகிறார்.

திருத்தும் வேலையின் மையம் வால்வுத் தகடுகள். ஒற்றைக் குழாய் வகையின் பிஸ்டனில் ராடு இருக்கும் பக்கம் ஓர் அடுக்கு, நட்டு இருக்கும் பக்கம் ஓர் அடுக்கு என்று மெல்லிய எஃகுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பிஸ்டனை ஒட்டியது அகலமானது, விலக விலகச் சிறியது. ராடுப் பக்க அடுக்கு அமுங்கும்போது வளைந்து வழிவிடும். நட்டுப் பக்க அடுக்கு மீளும்போது வழிவிடும். தகடுகளைக் கழற்றும்போதே வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்துவிட வேண்டும், இரண்டு அடுக்குக்கும் இரண்டு கம்பி. ஒவ்வொன்றின் விட்டத்தையும் தடிமனையும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வைக்காமல் ஒரு தகட்டையும் மாற்றக்கூடாது. ஒரு தகடு வளைய மறுக்கும் அளவு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது: 0.15 மி.மீ. தகட்டுக்குப் பதிலாக 0.20 மி.மீ. தகடு போட்டால் விறைப்பு 33 சதவீதம் கூடுவதில்லை, கிட்டத்தட்ட 2.4 மடங்காகிறது. 0.10 மி.மீ. தகடுகள் எட்டு சேர்ந்தால்தான் 0.20 மி.மீ. தகடு ஒன்றுக்கு ஈடு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் தகடுகளை மாற்றிப் போட்டுவிட்டு வண்டி கல்லாக இறுகிவிட்டதென்று திகைப்பவர்கள், கூட்டலை மனத்தில் வைத்துக்கொண்டு பெருக்கலைச் செய்தவர்கள்.

அடுத்து வருவதுதான் கல்பாதையின் தனிச் சிக்கல். போடியில் ஒரு பட்டறையில் நடந்த பேச்சு அதை எந்த நூலையும்விடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டது. “அண்ணே, பின்னாடி அடி வாங்குது, நல்லா டைட் பண்ணிக் குடுங்க” என்றார் ஓட்டுநர். வயதான மெக்கானிக் ராடைத் துடைத்துக்கொண்டே, “முதல் கல்லுல அடிக்குதா, மூணாவது நாலாவது கல்லுல அடிக்குதா, தம்பி?” என்று கேட்டார். சற்று யோசித்த ஓட்டுநர், வரிசையாகக் கல் வரும் இடங்களில்தான் என்றார். “அப்ப ஏற்கெனவே டைட்டாத்தான் இருக்கு” என்றார் மெக்கானிக்.

அந்தக் கேள்வியின் பொருள் இதுதான். மீளும் பக்கத்து எதிர்ப்பு அளவுக்கு மிஞ்சியிருந்தால், முதல் கல்லில் அமுங்கிய சக்கரம் முழுவதும் கீழே இறங்குவதற்குள் இரண்டாவது கல் வந்துவிடும். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் மேலே போய், மூன்றாவதில் அதற்கும் மேலே போய், நான்காவது கல்லில் அசைவதற்கு இடமே மிஞ்சாமல், சக்கரத்தின் அச்சு மேலே உள்ள ரப்பர் நிறுத்தியில் போய் இடிக்கும். ஓட்டுநருக்குத் தெரிவது இடி மட்டும். இடிக்கிறதென்றால் மிருதுவாக இருக்கிறது என்று முடிவுகட்டி இன்னும் இறுக்கச் சொல்கிறார். இறுக்க இறுக்க மீள்வது இன்னும் மெதுவாகி, இடி முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது. தனித்த ஒரே பள்ளத்தில் இடித்தால் அமுங்கும் பக்கத்தில் எதிர்ப்பு போதவில்லை எனலாம். வரிசைக் கல்லில் மட்டும் இடித்தால் மீளும் பக்கத்தைத் தளர்த்த வேண்டும். இரண்டும் எதிர்த்திசை மருந்துகள், நோயின் அடையாளம் மட்டும் ஒன்று. ஆனால் தளர்த்துவதற்கும் எல்லை உண்டு. தேவைக்கு மேல் தளர்த்தினால் தோட்டத்திலிருந்து திரும்பும் வண்டி தார்ச் சாலையின் மேடு ஒன்றைக் கடந்த பிறகு இரண்டு மூன்று தடவை குதித்து அடங்கும். சரிவில் வளைவெடுக்கும்போது அது ஆபத்து.

இதில் சுமைதான் கணக்கைக் குழப்புகிறது. ஏலத்தோட்ட ஜீப் காலையில் ஆட்கள் நிறைந்து ஏறுகிறது, இடையில் வெறும் வண்டியாக ஓடுகிறது, மாலையில் மறுபடியும் நிறைகிறது. கணக்குக்காக, பின்சக்கரம் ஒன்றின் மேல் வெறும் வண்டியில் 400 கி.கி. இருப்பதாகவும், அங்குள்ள ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 30 நியூட்டன் விசை தேவைப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் ஆடாமலேயே அடங்குவதற்குத் தேவையான எதிர்ப்பைக் கணக்கிட்டால், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 6,900 நியூட்டன் வருகிறது. சாலை வண்டிகளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவே வைப்பார்கள், 0.3 பங்கு என்றால் 2,080. அதே சக்கரத்தின் மேல் ஆட்கள் ஏறி 650 கி.கி. ஆகிவிட்டால் முழு அடக்கத்துக்கு வேண்டியது 8,800-க்கு மேல் போய்விடும். ஷாக் அப்சார்பர் மாறவில்லை, ஆனால் அதன் பங்கு 0.3-லிருந்து 0.24-க்கு இறங்கிவிடுகிறது. வெறும் வண்டியில் சரியாக இருந்தது ஆளேறியதும் தளர்வாகத் தெரிவதும், ஆளோடு சரியாக இருந்தது வெறும் வண்டியில் உதைப்பதும் பழுதல்ல, கணக்கு. எனவே எந்தச் சுமையில் அதிக நேரம் ஓடுகிறதோ அந்தச் சுமைக்குத்தான் மீளும் பக்கத்தை அமைக்க வேண்டும். கொழுக்குமலைச் சுற்றுலா ஜீப்புக்கு அது ஓட்டுநரும் ஆறேழு பயணிகளும். வார இறுதியில் குடும்பத்தோடு மட்டும் ஏறும் சொந்த மஹிந்திரா ‘தார்’ ஜீப்புக்கு அது முற்றிலும் வேறு.

பழைய ஜீப்புகளில் இன்னொரு தணிப்பும் உண்டு. நான்கு பக்கமும் உள்ள கமான் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்தே அசைவில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. பட்டைகளைப் பிரித்துக் கழுவி கிரீஸ் தடவிய மறுநாள் வண்டி ஆடுகிறது என்று ஷாக் அப்சார்பரைக் குற்றம் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 2020-க்குப் பிந்தைய ‘தார்’ ஜீப்பில் முன்னும் பின்னும் சுருள் ஸ்பிரிங்குகள் என்பதால் அந்த உதவி இல்லை. தணிக்கும் வேலை முழுவதும் ஷாக் அப்சார்பரின் தலையில்.

எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. ஷாக் அப்சார்பருக்கான எண்ணெய்கள் பெரும்பாலும் 40 டிகிரி வெப்பத்தில் 15 சென்டிஸ்டோக் அளவுப் பிசுக்குமையை (எண்ணெயின் கெட்டித்தன்மை; சென்டிஸ்டோக் அதன் அலகு) ஒட்டியே இருக்கும். பட்டறையில் எளிதில் கிடைக்கும் ஹைட்ராலிக் 68 எண்ணெய் பெயரிலேயே சொல்வதுபோல் 68. 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் அதற்கும் மேலே. கெட்டி எண்ணெய் ஊற்றுவதால் எதிர்ப்பு எல்லா வேகத்திலும் ஒரே அளவில் கூடுவதில்லை. எப்போதும் திறந்திருக்கும் நுண்ணிய கசிவு வழிகளில் பிசுக்குமை நேரடியாகச் செல்லுபடியாகும். வேகமான ஓட்டத்தில் துளைகளும் தகடுகளும் காட்டும் எதிர்ப்பில் அதன் பங்கு மிகக் குறைவு. ஆகவே கெட்டி எண்ணெய் ஊற்றிய வண்டி மெதுவேகத்தில் மரக்கட்டையாகவும், பெரிய அடியில் முன்பிருந்ததைப் போலவேயும் இருக்கும். அதுவும் விடியலுக்கு முன், மலைமேல் குளிர் கடிக்கும் வேளையில், எண்ணெய் இன்னும் தடித்துவிடுவதால் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குப் பயணிகள் படும் பாடு சொல்லி முடியாது. மேலே போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் சூடாகி வண்டி வேறொன்றாக மாறிவிடும். மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயில் நல்ல மாற்றுதான். ஆனால் டப்பாவில் அச்சிட்ட 10டபிள்யூ என்ற எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பிசுக்குமையைக் குறிப்பதால், அந்த எண்ணைப் பார்க்காமல் தயாரிப்பாளர் தரும் 40 டிகிரி, 100 டிகிரி அளவுகளைப் பார்த்து வாங்க வேண்டும். எண்ணெயோடு காற்று கலந்துவிட்டால் எந்த எண்ணெயும் ஒன்றுதான்: ஆற்றிய டீயைப் போல நுரைத்து, பிஸ்டனுக்குப் பிடி கொடுக்காமல் அமுங்கும். ராடை மெதுவாகப் பலதடவை ஏற்றி இறக்கி, குமிழி வருவது நின்ற பிறகே மூட வேண்டும்.

ஒற்றைக் குழாயில் மிதக்கும் பிஸ்டனை வைக்கும் ஆழம் பலரும் குத்துமதிப்பாகச் செய்வது, செய்யக்கூடாததும் அதுதான். குழாயின் உள்விட்டம் 46 மி.மீ., வாயுவின் அறை நீளம் 60 மி.மீ. என்று கொள்வோம். ராடு முழுக்க உள்ளே வந்ததும் முன்பு கணக்கிட்ட அந்த 31 சி.சி. மிதக்கும் பிஸ்டனை 18, 19 மி.மீ. தள்ளிவிடும். 300 சி.சி. எண்ணெய் 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 6 சதவீதம் விரிந்து இன்னும் 11 மி.மீ. தின்னும். மிஞ்சுவது 30 மி.மீ. சொச்சம், வாயுவும் சூடாகியிருப்பதால் அழுத்தம் தொடக்கத்தில் இருந்ததைப்போல் இரண்டரை மடங்கை நெருங்கிவிடும். அறையை 60-க்குப் பதிலாக 30 மி.மீ. என்று வைத்துப் பூட்டியிருந்தால் பெரிய பள்ளத்தில் சூடான ஷாக் அப்சார்பர் இரும்புத் தடியாக மாறி, சீலைப் பிதுக்கும் அல்லது தாங்கியை முறிக்கும்.

நைட்ரஜனை 15 பார் அழுத்தத்தில் அடைத்தால் 14 மி.மீ. ராடை அது சுமார் 23 கிலோ விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். டயர் கடையில் கிடைக்கும் நைட்ரஜன் இந்த அழுத்தத்துக்கு உதவாது. ஏசி மெக்கானிக்குகள் குழாய்க் கசிவு பார்க்க வைத்திருக்கும் நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும்தான் நம் ஊர்களில் எளிதாகக் கிடைக்கும் வழி. வெல்டிங் பட்டறையின் ஆக்ஸிஜனை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. எண்ணெயும் அழுத்த ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். அதேபோல், வாயுவை வெளியேற்றாத ஒற்றைக் குழாயை அறுப்பதோ சூடாக்குவதோ உயிருக்கு வினை.

பொருத்தும் கோணமும் கணக்கில் சேரும். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த ஷாக் அப்சார்பர் சக்கரத்துக்குத் தருவது அதன் எதிர்ப்பில் முக்கால் பங்குதான்; 45 டிகிரி சாய்ந்தால் பாதி. ஸ்பிரிங்கை உயர்த்தி வண்டியைத் தூக்கியவர்கள் கோணமும் நீளமும் மாறியதை மறந்துவிட்டு வால்வில் குறை தேடுவார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அதன் அச்சைப் பிடித்து நிறுத்துவது பல பழைய ஜீப்புகளில் ஷாக் அப்சார்பரின் கடைசி நீளமே. ஒவ்வொரு தொங்கலிலும் ராடு மூடியை உள்ளிருந்து அடிக்கிறது. அச்சைப் பிடிக்க ஒரு பட்டை வார் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

திருத்தியதைச் சோதிக்க, எதிர்ப்பை அளக்கும் டைனோ இயந்திரம் மலையில் கிடைக்காது. இருந்தாலும் மீளும் பக்கத்தை ஓரளவு அளக்கலாம். ஷாக் அப்சார்பரை அதன் மேல்முனைக் கண்ணில் (பொருத்தும் வளையத்தில்) தொங்கவிட்டு, ராடை உள்ளே தள்ளி, கீழே 20 கிலோ எடையைக் கட்டிவிட்டால் ஒரு குறிப்பிட்ட 10 செ.மீ. தூரத்தை அது எத்தனை வினாடியில் கடக்கிறது என்பதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பார்க்கலாம். மேலே கண்ட கணக்கின் 2,080 எதிர்ப்புக்கு அது ஒரு வினாடியை ஒட்டி வர வேண்டும். வாயு அடைத்ததில் வாயுவின் தள்ளுவிசையையும் எடையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனை மெதுவேகத்தை மட்டுமே காட்டும் என்றாலும், இடமும் வலமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டறையில் பூட்டியதில் அடிக்கடி தவறுவது அதுதான். வண்டியில் மாட்டிய பிறகு ராடில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கிவிட்டால் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அது தள்ளப்பட்ட இடம் சொல்லும். இறங்கியவுடன் நான்கு குழாய்களிலும் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்து, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அறியலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒரே பாதை, ஒரே சுமை, டயரில் ஒரே காற்று. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் வீண்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. கேரள மோட்டார் வாகனத் துறையினர் உயர்த்திய ஸ்பிரிங்கையும் வெளியே துருத்தும் டயரையும் சாலையிலேயே நிறுத்திக் கேட்பது எல்லையில் ஓட்டும் யாவருக்கும் தெரியும். உயரத்தையும் தாங்கிகளையும் தொடாமல் அதே கம்பெனி ஷாக் அப்சார்பரைச் செப்பனிட்டுப் போடுவது, இந்தத் தகராறுகளிலிருந்து வண்டியை ஓரளவு தள்ளி நிறுத்துகிறது.

எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டத் தேவையில்லை. ராடு வளைந்திருந்தாலும், குரோமில் புள்ளிகள் நகத்தில் தட்டும் அளவுக்கு ஆழமாக இருந்தாலும், குழாயின் உட்சுவரில் நெடுக்குக் கீறல் இருந்தாலும் புது சீல் போடுவது வீண் செலவு. ராடைக் கடினக் குரோம் பூசித் தேய்த்து எடுக்க ஆகும் கூலி, பல வண்டிகளுக்குப் புது ஷாக் அப்சார்பரின் விலையைத் தாண்டிவிடும். மடக்கி மூடிய மலிவான இரட்டைக் குழாய் எளிதாகக் கிடைக்கும் வண்டி என்றால், புதிதாக ஒரு ஜோடி வாங்கி, நல்ல புஷ் போட்டு, அச்சுக்கு வார் கட்டி ஓட்டுவதே போதும். லேத்தையும் தகடுகளையும் நைட்ரஜனையும் நாட வேண்டியது, புதிது கிடைக்காத பழைய ஜீப்புக்கும், திறக்கும்படி செய்யப்பட்ட ஒற்றைக் குழாய் உள்ள வண்டிக்கும்தான்.